பச்சை வயிறு

அன்றும் சந்தனமாரியின் வயிறு பச்சைதான் காட்டியது.

வேலை தொடங்கும் முன், திரைக்குப் பின்னால் நின்று தொப்புளுக்குக் கீழே சோதனைத் தாளை ஒட்டினாள். அதன் மேல் பழைய வேட்டியில் கிழித்த துணியை மூன்று சுற்றுச் சுற்றி, மூச்சை உள்ளே இழுத்து, பல்லைக் கடித்து முடிச்சுப் போட்டாள். சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தபோது, சுவர்ப் பலகையில் அவள் பெயருக்கு நேரே பச்சை எரிந்தது. துணிக்கு அடியில், எட்டு வருடத்துக்கு முன் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்த தழும்பின் ஓரமாக, எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். நின்றால் வரும், இருமினால் துள்ளும், மல்லாந்து படுத்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். ஒரு மாதமாக அவளுக்கு அதைத் தெரியும். பலகைக்குத் தெரியவில்லை.

உப்பிலிருந்து பேட்டரி செய்யும் வித்தையை உலகம் கற்றுக்கொண்ட பிறகு, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டி வரிசையாக உப்பு சேமிக்கும் கிட்டங்கிகள் எழும்பின. லாரிகள் ஓட்டுநர் இல்லாமல் தாமாக வந்து நின்றன. உப்புப் பெட்டி சுமக்க இயந்திரக் கைகளும் வந்தன. உப்புக்காற்று அவற்றை மூன்றே மாதத்தில் அரித்துத் தின்றது. பெண்களின் இடுப்பு அவ்வளவு சீக்கிரம் அரிக்காது என்பதைக் கம்பெனி கண்டுபிடித்தது.

இடுப்பு அரிக்கவில்லை. வயிறு கிழிந்தது. முதல் வருடமே ஒன்பது பெண்களுக்குக் குடல் இறங்கியது. ஒருத்தி செத்தும் போனாள். பிரச்சினை பெரிதானபோது கம்பெனிக்குப் பெண்கள் மேல் திடீரென்று அக்கறை பிறந்து, இந்தத் தாளைக் கொண்டுவந்தது. கண்ணாடி போல மெல்லிய தாள். வயிற்றுச் சுவர் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எந்த இடம் விட்டுப்போகப் பார்க்கிறது என்று ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுமாம். பச்சை என்றால் சுமக்கலாம். சிவப்பு என்றால் அன்றே வீட்டுக்கு. பெயர் பொதுப் பட்டியலில் ஏறிவிடும். அப்புறம் அந்தக் கடற்கரையில் எந்தக் கிட்டங்கியும் சேர்க்காது.

தாளுக்கு முதல் அளவு எடுக்கப் போகிறார்கள் என்று சேதி வந்த நாளில்தான் சந்தனமாரி அந்த வேலையைச் செய்தாள். பெண்கள் கை கால் கழுவும் கொட்டகையில் முப்பத்தொரு பேரும் கூடி நின்றார்கள். தளர்ந்த வயிறுகளை எல்லாம் கழித்துவிடுவார்கள் என்று பேச்சு. பிள்ளை பெற்று, மறுமாதமே வரப்பில் இறங்கி உப்பு வாரியவர்கள். யார் வயிறு தளராமல் இருக்கும்?

"பேறுகாலத்துல வயித்தைக் கட்டுவோம்லா, அதே கட்டைக் கட்டிக்கிட்டுப் போவோம்," என்றாள் சந்தனமாரி. "தாளு துணிக்கு அடியில இருக்கட்டும். மேல இறுக்கிட்டா கல்லு மாதிரி நிக்கும்."

பழைய வேட்டிகளைக் கிழித்து, தன்னோடு சேர்த்து முப்பது பேருக்கும் அவளே கட்டிவிட்டாள். கூடப் பெட்டி சுமக்கும் பேச்சியம்மாள் இடுப்பில் கைவைத்து நின்று, "ஒரே நாள்ல முப்பது பேருக்குப் பேறுகாலம். எவன்ட்டி காரணம்?" என்று கேட்க, பயத்திலும் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் உலகம்மா. சந்தனமாரியின் ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. "என் வயித்துக்கு என்ன குறை? நான் எதுக்கு அடுத்தவ கையால கட்டிக்கிடணும்?" என்று திரும்பிக்கொண்டாள். அளவெடுக்க வந்த இன்ஜினியர் கூச்சத்தில் திரைக்கு அந்தப் பக்கமே நின்று, "நீங்களே ஒட்டிக்கிடுங்கம்மா," என்று சொல்லிவிட்டார்.

பலகையில் முப்பது பச்சை. ஒன்றே ஒன்று சிவப்பு.

அன்றிலிருந்து மூன்று வருடம் அந்தச் சிவப்பைச் சந்தனமாரி சும்மா விடவில்லை. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், கொடைவிழாவில். "எங்க வீட்டுப் பொத்த வயிறு, ஓட்டை வயிறு, குடத்தைத் தூக்காது. நான்தான் தூக்கணும்." உலகம்மா பதில் சொல்லமாட்டாள். அவள் பதில் சொல்லாததே சந்தனமாரிக்கு இன்னும் எரிச்சலை மூட்டும்.

பச்சை மூன்று வருடம் எரிந்ததில் கம்பெனிக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இந்த வயிறுகள் தாங்கும் என்று பெட்டியை இருபது கிலோவிலிருந்து இருபத்தெட்டு ஆக்கினார்கள்.

அன்று பதினொரு மணிக்கு, நாற்பதாவது பெட்டியோ நாற்பத்தொன்றாவதோ, சந்தனமாரி குனிந்து மூச்சைப் பிடித்துத் தூக்கியபோது தழும்புக்குள் யாரோ கை விட்டுப் பிசைந்ததுபோல இருந்தது. பெட்டி கைநழுவி விழுந்து, தரையெல்லாம் வெள்ளையாகச் சிதறியது. அவள் அந்த உப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சியம்மாள் ஓடிவந்து காதருகே குனிந்தாள். "டாக்டரம்மா கிட்ட துணியைப் பத்தி மூச்சு விட்டேன்னு வை, முப்பது வீட்டு அடுப்புல பூனை தூங்கும். செத்தாலும் சொல்லாத."

"சாகத்தான் போறேன் போலுக்கு," என்றாள் சந்தனமாரி.

"அப்போ சொல்லாமச் சாவு."

கிட்டங்கியின் மருத்துவ அறையில் டாக்டர் ஹெலன் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொன்னார். கொட்டகையிலேயே துணியை அவிழ்த்து, தாளையும் பிய்த்தெடுத்துவிட்டு, துணியைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள் சந்தனமாரி. டாக்டரின் விரல்கள் வீக்கத்தை மெதுவாக அமுக்கின. களுக்கென்று அது உள்ளே போனது. வலி இறங்கியது.

"இருமு."

இருமினாள். மறுபடி துள்ளி வந்தது.

"குடலிறக்கம்," என்றார் டாக்டர். "எத்தனை நாளா?"

"இன்னிக்குத்தாம்மா."

"பொய் சொல்லாதே. இது ஒரு நாள்ல வர்ற அளவு இல்ல. பிள்ளை எடுத்த தையல் சீழ் பிடிச்சுதா?"

"பிடிச்சுது. அம்பதாம் நாளு வேலைக்குப் போயிட்டேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "வயிற்றுக்கு முன்னால சதையும் நாருமா ஒரு சுவர் இருக்கு. உள்ளே குடல் எப்பவும் முட்டிக்கிட்டே இருக்கும். பாரம் தூக்க மூச்சைப் பிடிச்சா முட்டும். இருமினா, மலம் கழிக்க முக்கினா, கர்ப்பமானா முட்டும். சுவர் முழுசா இருந்தா தாங்கிக்கும். எங்காவது நைஞ்சிருந்தா..."

"வெட்டி மூடின மடை," என்றாள் சந்தனமாரி.

"என்ன?"

"பாத்தி வரப்புல மடையை வெட்டித் தண்ணி விட்டுட்டு மறுபடி மண்ணைப் போட்டு அடைப்போம்லா. எத்தனை தடவை மிதிச்சாலும், தண்ணி முட்டுச்சுன்னா அந்த இடம்தான் முதல்ல உடையும்."

"அதேதான். ஆனா மடை மட்டும் இருந்தா உடையாது. தண்ணியும் முட்டணும். ரெண்டும் சேரணும்." டாக்டர் கணினித் திரையைப் பார்த்தார். அவர் குரல் மாறியது. "இதுதான் புரியலை. இன்னிக்குக் காலையில உன் தாள் பச்சை. நேத்தும் பச்சை. சுவர் கல்லு மாதிரி இருக்குன்னு காட்டுது. அப்போ இது வேலையில வந்ததுன்னு நான் எழுத முடியாது. வீட்டுல எதையாவது தூக்கியிருப்பே. வேலையில வராததுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில ஆபரேஷன் கிடையாது. வேலையும் கிடையாது."

"வீட்டுல எதைத் தூக்கினேன்? ஒரு நாளைக்கு நூத்துப்பத்துப் பெட்டி தூக்குதேன் இங்க. அது தூக்கு இல்லையா?"

"என்கிட்டே கத்தாதே. தாள் சொல்லுது."

"தாளு என்னத்தைச் சொல்லும்? நாங்க சொல்லச் சொன்னதைத்தானம்மா சொல்லுது."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சந்தனமாரி இடுப்பிலிருந்து துணியை உருவி, மேசை மேல் போட்டாள்.

டாக்டர் ஒரு புதுத் தாளை எடுத்து அவள் வயிற்றில் ஒட்டினார். சிவப்பு. "கட்டு," என்றார். சந்தனமாரி எழுந்து நின்று கட்டினாள். பச்சை. "அவிழ்." சிவப்பு. மூன்று முறை அப்படிச் செய்யச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் பழைய பதிவுகளைத் தேடி, முதல் நாள் அளவை எடுத்தார். முப்பத்தொரு கோடுகள். முப்பது ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு மேலே ஓடின. ஒன்று மட்டும் தனியே, கீழே.

"அன்னைக்கு எத்தனை பேர் கட்டினீங்க?"

"முப்பது."

டாக்டர் அந்த முப்பது கோடுகளையும் விரலால் ஒருமுறை வருடினார். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "நல்ல வயிறு எப்படி இருக்கும்னு இந்த மிஷினுக்குக் கத்துக்கொடுத்தது உங்க முப்பது பேரோட அளவுதான். கட்டின வயிறுதான் நல்ல வயிறுன்னு அது கத்துக்கிட்டிருக்கு. இந்த அளவைத்தான் பதினேழு கிட்டங்கியிலும் வச்சிருக்காங்க."

"எல்லா எடத்துலயும் இப்போ கட்டத்தான் செய்யுதாளுக. கேட்டுக் கேட்டுப் பழகிட்டாளுக."

"பழகாதவங்க?" டாக்டரின் சிரிப்பில் நல்லது எதுவும் இல்லை. "புதுசா வர்றவங்கள்ல பாதிப் பேர் முதல் நாளே சிவப்பு. இந்தக் காலத்துப் பெண்களுக்கு உடம்புல வலு இல்லைன்னு நானே அறிக்கை எழுதினேன். நானூறு பேருக்கு மேல வெளியே அனுப்பியாச்சு."

சந்தனமாரி திரையிலிருந்த அந்தத் தனிக் கோட்டைக் காட்டினாள். "இதுக்கு?"

"இதுல பேர் இல்லை, இது யாரோ தெரியலை. கட்டாம வந்தவ. சரியான வயிறு. சுகப்பிரசவமாகி ஒரு பிள்ளை பெத்த, ஆரோக்கியமான வயிறு இப்படித்தான் கொஞ்சம் நெகிழ்ந்து இருக்கும். முப்பத்தொரு பேர்ல நோய் இல்லாதவள்னு நிச்சயமாச் சொல்லணும்னா இவளைத்தான் சொல்லலாம்."

சந்தனமாரி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். "துணி கட்டினா சுவருக்குப் பலம்தானம்மா? தாங்கத்தான செய்யும்?"

"தாங்காது. மறைக்கும். உள்ளே முட்டுற முட்டு எங்கே போகும்? எந்த இடம் நைஞ்சிருக்கோ அங்கே போகும். உங்களுக்கு வலிக்கலைன்னு எட்டு கிலோ கூட்டினாங்க. கூட்டச் சொன்னது யாரு? இந்தப் பச்சைதான்."

வெளியே லாரி ஒன்று வந்து நின்று, தானே கதவைத் திறந்துகொள்ளும் சத்தம் கேட்டது. டாக்டர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"என்கிட்டே எதுக்குச் சொன்னே?" என்றார், கோபமாக. "நீ சொல்லாம இருந்திருக்கணும். இப்போ ரெண்டு வழி. இருமலால வேலை நேரத்துல இறங்கிச்சுன்னு எழுதறேன். இங்கேயே ஆபரேஷன், வலை வச்சுத் தைப்பாங்க, ஆறு வாரம் கழிச்சு உட்கார்ந்து செய்யற வேலை. துணி இல்லை, ஒண்ணும் இல்லை. இல்லேன்னா துணின்னு எழுதறேன். அளவு தப்புன்னு ஆகும். தாளை ஏமாத்தினா வேலை இல்லைன்னு நீ கைநாட்டு வச்சிருக்கே. உன்னை அனுப்புவாங்க. பெரியாஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணிக்கலாம், அப்புறம் எங்கேயும் வேலை கிடைக்காது. என்னையும் அனுப்புவாங்க. மத்த இருபத்தொன்பது பேரும் உன் வீட்டு வாசலுக்கு வருவாங்க."

"நீங்க எதை எழுதணும்னு நினைக்கியளோ அதை எழுதுங்கம்மா."

"அதை முடிவு பண்ண வேண்டியது நீதான். நாலு மணிக்கு அறிக்கை அனுப்பணும், அதுவரைக்கும் உனக்கு நேரம். வீட்டுக்குப் போய்ப் படு. அது கல்லு மாதிரி ஆகி, உள்ளே போகாம, வாந்தி வந்தா ஒரு நிமிஷம்கூட நிக்காதே. குடல் அங்கேயே அழுகிடும்."

வீட்டுக்கு நடந்து வரும்போதே சந்தனமாரி முடிவு செய்துவிட்டாள். இருமல். இருமல்தான். உண்மையைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? உலகம்மாவுக்கு மூன்று வருடம் போனது போனதுதான். அதைத் திருப்பித் தர யாரால் முடியும்? தன் வயிற்றையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

முற்றத்தில் உலகம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சந்தனமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு வருவதையும், ஒரு கை வயிற்றை விட்டு நகராததையும் பார்த்தாள்.

"என்ன, பச்சை வயிறு மத்தியானமே திரும்பிருச்சு," என்றாள்.

"வாயை மூடுட்டி."

"மூணு வருஷமா மூடித்தான இருக்கேன்." உலகம்மா எழுந்து வந்து, அவள் கையை விலக்கிப் பார்த்தாள். முகத்தில் இரக்கம் இல்லை. "இறங்கிட்டுது. மல்லாக்கப் படு. காலை மடக்கு. தலைக்கு உசரம் வேண்டாம். இருமல் வந்தா தலையணையை வயித்துல அமுக்கிக்கிட்டு இருமு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சிவப்புக் காட்டுன அன்னைக்கு ஒரு புஸ்தகம் தந்தானுவ. எழுத்துக் கூட்டிக் கூட்டி மூணு வருஷமா அதைத்தான படிக்கேன். நீ குழாயடியில நின்னு பொத்த வயிறுன்னு சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோவம் வரல. இவ நெசத்தைத்தான சொல்லுதான்னு இருந்தேன்." அவள் மறுபடி கீரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "குடம் தூக்கல. முக்கக் கூடாதுன்னு வாழைத்தண்டும் கீரையுமாத் திங்கேன். எம் பிள்ளையை இடுப்புல வச்சு மூணு வருஷம் ஆகுது. என்னைக்குக் கிழியுமோன்னு நித்தம் காலைல கண்ணாடி முன்னால நின்னு இருமிப் பார்ப்பேன்."

திண்ணையில் மல்லாந்து கிடந்த சந்தனமாரி கண்ணை மூடிக்கொண்டாள். கேட்காமல் இருக்க அது உதவவில்லை.

"போன வருஷம் உங்கூட சண்டை போட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போனேம்லா, பத்து நாளு. ஊரெல்லாம் சொன்னியே, நான் ஓடிட்டேன்னு." உலகம்மா ஒரு தண்டை ஒடித்தாள். "அம்மா வீட்டுக்குப் போகல. வயித்துல ரெண்டாவது நின்னுருந்துச்சு. மூணு மாசம். அந்தப் புஸ்தகத்துல போட்டிருந்துச்சு, தளர்ந்த வயித்துக்காரி சுமந்தா சுவரு விட்டுப்போகும்னு. ஆஸ்பத்திரில பட்டியலைப் பார்த்தாவ, சிவப்புன்னு இருந்துச்சு. அவியளும் யோசிக்கத்தான் சொன்னாவ. கலைச்சுட்டேன். கையோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிட்டேன். உன் கொழுந்தனுக்கு மட்டும்தான் தெரியும்."

முற்றத்துக் கொடியில் துணிகள் காற்றில் அடித்துக்கொண்டன. சந்தனமாரி கூரை ஓட்டைப் பார்த்தபடி கிடந்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் எழுதிவிடுவார். ஆறு வாரத்தில் தையல் ஆறிவிடும். இவள் சாகிறவரை காலையில் கண்ணாடி முன்னால் நின்று இருமிக்கொண்டிருப்பாள்.

"உலகு," என்றாள். அந்தப் பெயரை அப்படிக் கூப்பிட்டு வருடக்கணக்கு ஆகியிருந்தது. "உன் வயித்துல ஒண்ணும் இல்ல."

"என்ன?"

சொன்னாள். முதல் நாள் துணியையும், முப்பது கோடுகளையும், தனியே ஓடிய கோட்டையும், டாக்டர் சொன்ன வார்த்தைகளையும். சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்தது. உலகம்மா கீரையை முறத்தில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். எழுந்து உள்ளே போனாள். அழுதிருந்தால் சந்தனமாரிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது காலில் செருப்பு இருந்தது.

"எந்திரி."

"டாக்டரம்மா படுக்கச் சொன்னா."

"எந்திரிங்கேன். என்கிட்ட சொன்னா தீந்துருச்சுன்னு நினைச்சியா? என்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்கா நீ பொத்த வயிறுன்னு சொன்ன? ஊருக்குல்லா சொன்ன."

"சொன்னா என்னை அனுப்பிடுவானுவ, உலகு. அவளுக என்னைக் கிழிச்சுப் போடுவாளுக."

"கிழிக்கட்டும். ஏற்கெனவே கிழிஞ்சதுதான."

மூன்றரை மணி வெயிலில் இரண்டு பேரும் நடந்தார்கள். உலகம்மா முன்னால். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சந்தனமாரி மூச்சு வாங்கி நின்ற இடங்களில் அவளும் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

கிட்டங்கியின் கம்பிக்கதவு முகத்தைப் பார்த்துத் திறக்கிற கதவு. சந்தனமாரிக்குத் திறந்தது. அவள் உள்ளே போனதும் மூடிக்கொண்டது. உலகம்மா முகத்தைக் காட்டியபோது அசையவில்லை. மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"போ," என்றாள் உலகம்மா, கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நான் இங்கன நிக்கேன். நீ சொல்லுதது இங்க வரைக்கும் கேக்கணும்."

மருத்துவ அறை வலப்பக்கம் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு காதோடு சொல்லிவிடலாம். சந்தனமாரி அந்தப் பக்கம் இரண்டு அடி வைத்தாள். முதுகில் அந்தப் பார்வை ஊன்றி நின்றது. திரும்பி, லாரிகள் நிற்கும் முற்றத்தின் நடுவே போய் நின்றாள். பெட்டிகளைத் தலையில் வைத்திருந்த பெண்கள் அவளைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்கள். பேச்சியம்மாளின் முகம் முதலிலேயே புரிந்துகொண்டது. வேண்டாம் என்று தலையை ஆட்ட முயன்றாள். தலையில் இருபத்தெட்டு கிலோ இருந்ததால் ஆட்ட முடியவில்லை. மருத்துவ அறை சன்னலில் டாக்டர் ஹெலன் எழுந்து நின்றார்.

"மொத அளவு எடுத்த அன்னைக்கு," என்று ஆரம்பித்தாள் சந்தனமாரி. "எல்லாருக்கும் வயித்துல துணி கட்டிவிட்டது நான்தான். உலகம்மா கட்டல. அவ வயித்துல ஒரு குறையும் கிடையாது. சீக்கு நமக்குத்தான்."

ஒரு பெட்டி தரையில் இறங்கியது. பின்னால் இன்னொன்று. யாரோ அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

கம்பிக்கதவுக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"கேக்கல. இன்னும் சத்தமாச் சொல்லு."

சத்தம் போட்டால் அது பிதுங்கும் என்று சந்தனமாரிக்குத் தெரியும். வீக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்திக்கொண்டு, மூச்சை இழுத்தாள்.